வாடகை வீட்டைப் பாதியில் விட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?



இந்த வாரம் நாம் பேசப்போவது வாடகை வீடு பற்றி. இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு ஒரு வீட்டில் குடியேறுகிறோம். ஓராண்டு கடந்த நிலையில் கணவருக்கு ஜொகூருக்கு மாற்றலாகிறது. அல்லது தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடக்கிறது. அல்லது ஊரில் தனியாக இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது. வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னால், “மிச்சமுள்ள எல்லா மாதங்களுக்கும் வாடகையைக் கட்டிவிட்டுப் போங்கள்” என்கிறார்.

இந்த இடத்தில் நம்மவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். கேட்ட தொகையைக் கடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் இரவோடு இரவாக லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, சாவியை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலாவது வழியில் கொடுக்கத் தேவையில்லாத பணம் போகிறது. இரண்டாவது வழியில் பின்னாலேயே வழக்கு வரக்கூடும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பேசித் தீர்ப்பது மூன்றாவது வழி. அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வார விளக்கம்.

தோட்டத்து வழக்கமும் பட்டணத்து ஒப்பந்தமும்

இதற்கு நாம் எடுத்துக்கொண்ட ஊர் ஈப்போவில் உள்ள புந்தோங். கச்சாங் பூத்தேவுக்குப் பெயர் போன இடம். தைப்பூசத்தன்று கல்லுமலைக்கு ஊர்வலம் புறப்படும் இடம். இந்தியர்கள் நெருக்கமாக வாழும் இந்தப் பகுதியில், தோட்டங்களிலிருந்து வெளியேறிப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களும் ஏராளம்.

தோட்டத்தில் வீட்டு வாடகை என்ற பேச்சே இருந்ததில்லை. வேலை இருக்கும் வரை லயத்து வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போனது. ஒப்பந்தம், வைப்புத் தொகை, முன்னறிவிப்பு எதுவும் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பட்டணத்திலோ வேறொரு வழக்கம் இருந்தது. 1948 ஜனவரி மாத முடிவுக்குள் கட்டப்பட்ட பழைய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. அந்தக் கட்டடங்களில் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் உண்டு. 1997இல் அந்தச் சட்டம் ரத்து செய்யப்பட்டது. இடைக்காலப் பாதுகாப்பும் 1999 இறுதியோடு முடிந்தது. ‘வாடகைக்கு இருப்பவரை யாரும் அசைக்க முடியாது’ என்ற பேச்சு மட்டும் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. அது அந்தக் காலத்துப் பேச்சு.

இன்றைக்கு வீட்டு வாடகைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று கொண்டு வர வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அதுவரை நம்மையும் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துவது நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும்தான்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

பேரம் பேசப் போவதற்கு முன் அலமாரியில் கிடக்கும் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, தேதி. ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். புதுப்பிக்காமலேயே மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு இருப்போம். அப்படியானால் நாம் பொதுவாக மாதக் குடியிருப்பாளராகவே கருதப்படுவோம். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து வெளியேறுவது வழக்கம். எழுத்தில் எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான். அவர்களுக்கு ‘மிச்ச மாதங்கள்’ என்ற கணக்கே எழாது.

இரண்டாவது, முன்கூட்டியே விலகும் விதி. ‘குடியிருப்பவர் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதில் சொன்னபடி எழுத்தில் அறிவிப்பு கொடுத்தால் போதும். சில ஒப்பந்தங்களில் முதல் ஓராண்டுக்குப் பிறகே இந்த உரிமை வரும். அதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, தண்டனை விதி. ‘பாதியில் வெளியேறினால் வைப்புத் தொகை திரும்பக் கிடைக்காது’ என்று இருக்கலாம். ‘மிச்சமுள்ள காலத்திற்கான முழு வாடகையையும் செலுத்த வேண்டும்’ என்றும் இருக்கலாம். சில ஒப்பந்தங்களில் இரண்டுமே இருக்கும்.

விலகும் விதியே இல்லாத ஒப்பந்தமாக இருந்தால், இரண்டு ஆண்டு என்பது இரண்டு ஆண்டுதான். வேலை மாறியது, வருமானம் குறைந்தது என்பது மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைக் கொடுத்துவிடாது. கோவிட் காலத்தில் 2020இல் வந்த தற்காலிகச் சட்டத்தை இன்னும் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாடகையைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கடை, அலுவலகம் போன்ற குடியிருப்பு அல்லாத இடங்களுக்கே கிடைத்தது. அதன் காலமும் முடிந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத்தில் முழு வாடகை என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட வேண்டுமா? அவசரப்பட வேண்டாம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் மற்றவருக்கு அதனால் இயல்பாக ஏற்படும் நட்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்கிறது. அதே பிரிவின் விளக்கம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. நட்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைத்துக்கொள்ள அவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வாடகை வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்காரர் புதிய ஆளைக் குடிவைத்து வாடகை வாங்கும் வாய்ப்பு இருந்ததா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

75ஆம் பிரிவு, ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த தொகையைப் பற்றியது. எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு. அதைத் தாண்டாமல், நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும் என்கிறது அந்தப் பிரிவு.

இந்த 75ஆம் பிரிவைப் பற்றி நம் கூட்டரசு நீதிமன்றம் இரண்டு முக்கியமான தீர்ப்புகளைத் தந்துள்ளது. 1995ஆம் ஆண்டு செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கு ஒரு கிளினிக் விற்பனையில் எழுந்தது. எழுதிவைத்த தொகையைக் கேட்பவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் வழக்கில் நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது. ஒவ்வொரு வழக்கிலும் நட்டத்தை நிரூபித்தாக வேண்டும் என்பதில்லை. தொகை நியாயமற்றது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்று கூறியது.

இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று விட்டுவிடாதீர்கள். ‘அவருக்கு நட்டமே இல்லை’ என்று வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருந்த காலம் போய்விட்டது. கேட்கும் தொகை அதிகம் என்று நாம் நினைத்தால், அதற்கான ஆதாரத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. மாத வாடகை 800 வெள்ளி. ஒப்பந்தம் 24 மாதம். குடியேறும்போது இரண்டு மாத வைப்புத் தொகை 1,600 வெள்ளியும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 400 வெள்ளியும் கொடுத்திருக்கிறோம். 14ஆம் மாத இறுதியில் காலி செய்ய வேண்டும். மிச்சம் 10 மாதம். வீட்டுக்காரர் கேட்பது 8,000 வெள்ளி.

அவருடைய உண்மையான நட்டம் என்னவாக இருக்கும்? வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கிறது என்று வைப்போம். அது 800 வெள்ளி. புதிதாக வருபவர் 750 வெள்ளிக்கே சம்மதிக்கிறார். மாதம் 50 வெள்ளி குறைவு, ஒன்பது மாதத்துக்கு 450 வெள்ளி. ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுக்கு ஒரு மாத வாடகை, 800 வெள்ளி. மொத்தம் 2,050 வெள்ளி. நம்முடைய வைப்புத் தொகை 1,600 வெள்ளியைக் கழித்தால், நாம் கையிலிருந்து தர வேண்டியது 450 வெள்ளி. 8,000 எங்கே, 450 எங்கே?

இன்னொரு நிலையையும் பாருங்கள். நாமே ஒரு நல்ல குடும்பத்தைத் தேடிக்கொண்டு வருகிறோம். நாம் வெளியேறிய மறுநாளே அவர்கள் அதே 800 வெள்ளி வாடகைக்குக் குடியேறுகிறார்கள். காலி மாதமும் இல்லை, ஏஜெண்ட் செலவும் இல்லை. அப்போது புது ஒப்பந்தச் செலவைக் கழித்துக்கொண்டு, வைப்புத் தொகையில் பெரும்பகுதியைத் திரும்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதே கணக்கு நமக்கு எதிராகவும் திரும்பலாம். சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி, சுவரைச் சேதப்படுத்தி, தண்ணீர்க் கட்டணத்தைப் பாக்கி வைத்து, வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்தால் நட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே நாம் பேரம் பேச வேண்டியது காலியாகக் கிடக்கப் போகும் மாதங்களைப் பற்றி. அந்த எண்ணிக்கையைக் குறைக்க நாம் என்ன செய்கிறோமோ, அதுவே நம் செலவைக் குறைக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் எடுத்தவுடன் சட்டப் பிரிவைச் சொல்லி மிரட்டும் வாய் உதவாது. புந்தோங்கில் வீடு வாடகைக்கு விடுபவர் பெரிய முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தில் இரண்டாவது வீடு வாங்கி, அந்த வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிக்கும் ஓய்வுபெற்றவராக இருக்கலாம். மாதாமாதம் வங்கிக்குத் தவணை கட்டுபவராக இருக்கலாம். அவருடைய பயத்தைத் தெரிந்துகொண்டு பேசினால் காரியம் நடக்கும்.

முடிவு தெரிந்த அன்றே நேரில் போங்கள். இப்படிப் பேசிப் பாருங்கள்:

“அக்கா, நேரில் சொல்லிவிடலாம் என்று வந்தோம். இவருக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கு. ஒப்பந்தம் இன்னும் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நட்டம் வராத மாதிரி செய்துகொடுத்துவிட்டுத்தான் போவோம்.”

“அதெல்லாம் சரி தம்பி, நான் பேங்குக்கு மாதம் கட்டணுமே. வீடு சும்மா கிடந்தால் யார் கட்டுவது?”

“அதைப் பேசத்தான் வந்தோம், அக்கா. போகிற வரைக்கும் வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடும். வீடு பார்க்க யார் வந்தாலும் திறந்து காட்டுகிறோம். எங்கள் பக்கமும் ஆள் தேடுகிறோம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அதை வைப்புத் தொகையில் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பற்றி ஆள் வந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம்.”

இப்படிப் பேசினால் அவருக்கும் ஒரு வழி தெரிகிறது, நம் மரியாதையும் குறையவில்லை. வீட்டை விற்கும் எண்ணம் இருக்கிறதா, வாடகையை உயர்த்த நினைத்திருந்தாரா என்றும் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நாம் வெளியேறுவது அவருக்கே வசதியாக அமையவும் கூடும். வீட்டுக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால், இதே விஷயத்தை மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.

முதலில் எந்தத் தொகையைச் சொல்வது என்பதும் முக்கியம். நம்மால் முடிந்த உச்சத்தை எடுத்தவுடன் சொல்லிவிட வேண்டாம். அதற்காக, ஒரு காசும் தரமாட்டேன் என்றும் நிற்க வேண்டாம். ஒரு மாதத்திலிருந்து தொடங்கி, இரண்டு மாத வைப்புத் தொகையோடு முடித்துக்கொள்ள மனத்தைத் தயார்படுத்திக்கொண்டால், பேச்சு முறியாமல் போக இடம் இருக்கிறது. அதே தெருவில் அதே மாதிரி வீடுகள் என்ன வாடகைக்கு, எவ்வளவு சீக்கிரம் போகின்றன என்பதற்கான விளம்பரங்களைச் சேர்த்து வையுங்கள். நாம் அனுப்பிவைத்த ஆட்களின் விவரத்தையும் குறித்து வையுங்கள். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு நமக்குத் தேவைப்படும் ஆதாரம் இதுதான்.

புதிய ஆளை நாமே வீட்டுக்குள் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்காரர் சம்மதித்து, அவரும் புதியவரும் தனி ஒப்பந்தம் போட வேண்டும். இல்லையென்றால் புதியவர் கட்டாத வாடகைக்கும் நாம்தான் பொறுப்பு.

பேசி முடித்ததை எழுதி வையுங்கள்

வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போவது பலருடைய பழக்கம். ஒப்பந்தம் தொடர்பான வழக்கைத் தொடுக்க 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகிறது. அக்கா நல்லவராக இருக்கலாம். வீடு நாளைக்கு அவர் பிள்ளைகள் கைக்குப் போனால் என்ன ஆகும்?

ஒரே ஒரு தாள் போதும். எந்தத் தேதியில் வீடு ஒப்படைக்கப்படுகிறது, வைப்புத் தொகையில் எவ்வளவு கழிக்கப்படுகிறது, எவ்வளவு எந்தத் தேதிக்குள் திரும்பக் கொடுக்கப்படும், இதற்கு மேல் இரு தரப்பும் எதையும் கோர மாட்டார்கள் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். தெனாகா நேஷனல், பேராக் தண்ணீர் வாரியம் ஆகியவற்றின் கடைசிப் பில்களைக் கட்டிய ரசீதை இணைத்துவிடுங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வையுங்கள். சாவிகள் எத்தனை கொடுத்தோம் என்பதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

மூல ஒப்பந்தம் முத்திரையிடப்பட்டதா என்றும் பாருங்கள். முத்திரைத் தீர்வை செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அபராதத்தோடு தீர்வையைக் கட்டிய பிறகே அது செல்லும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரையிடுவதே முறை.

இரு தரப்பும் செய்யக்கூடாதவை

குடியிருப்பவர்கள் கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல், “டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று தாமாகவே முடிவு செய்யக் கூடாது. ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருந்தால், அந்த மாதங்கள் வாடகைப் பாக்கியாகிவிடும். 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின் கீழ், வீட்டுக்காரர் நீதிமன்றத்தை நாடி, 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய ஆணை பெற முடியும். சொன்ன தேதிக்கு வெளியேறாமல் தங்கிவிட்டால், 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின் கீழ் இரட்டிப்பு வாடகை கேட்கவும் வழி உண்டு.

வீட்டுக்காரர்களுக்கும் எல்லை உண்டு. கோபத்தில் பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது ஆகியவை வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வெளியேறாதவரை அகற்ற நீதிமன்றத்தின் வழியாகவே போக வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. வைப்புத் தொகையைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் முறையாகாது. எதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

பேச்சு முறிந்துவிட்டால்? உடனே பெரிய வழக்கு வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கைகளுக்கு எளிய நடைமுறை இருக்கிறது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் அதற்கு 5,000 வெள்ளி என்று வரம்பு வகுத்தன. வக்கீல் இல்லாமல் நாமே நேரில் வாதாடலாம். வைப்புத் தொகைத் தகராறுகளில் பல இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆலோசனை வேண்டுவோர் ஈப்போவில் உள்ள சட்ட உதவித் துறை அலுவலகத்தை நாடலாம். ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதால், பெரிய தொகை என்றால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முடிவெடுங்கள்.

அடுத்த வீட்டுக்குப் போகும்போது

புதிய வீட்டுக்கு ஒப்பந்தம் போடும் நாளில் ஒரே ஒரு வரியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘ஆறு மாதத்துக்குப் பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம்.’ வீட்டுக்காரர் தயங்கினால், ‘விலகினால் ஒரு மாத வாடகை ஈடு தருகிறோம்’ என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நாள் அது. அன்றைக்கு இதைக் கேட்பது எளிது. சாமான்களைக் கட்டிவைத்துவிட்டுக் கேட்பது கடினம்.

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு 8,000 வெள்ளி என்பது பிள்ளையின் படிப்புச் செலவாக இருக்கலாம். வீட்டுக்காரருக்கு நான்கு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு வங்கியின் எச்சரிக்கைக் கடிதமாக மாறலாம். இருவருமே பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்துக்காரர்கள். நாளைக்குக் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ முகம் பார்க்க வேண்டியவர்கள். முடிவு தெரிந்த அன்றே சொல்லிவிட்டு, கணக்கைத் தாளில் எழுதி எதிரெதிரே உட்கார்ந்தால், பெரும்பாலும் இரண்டு மாத வாடகைக்குள் முடிந்துவிடக் கூடிய விஷயம் இது.

உங்கள் வீட்டு ஒப்பந்தத்தை இன்றிரவே எடுத்து, விலகும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.